தோள்வியல்: பைக்குள் பாட்டில் வைத்து நடத்தும் விருந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் களமும்

நண்பர்கள் சிலர் ஓர் உணவகத்தில் கூடுகிறார்கள். ஆளுக்கொரு ஒயின் பாட்டில் கொண்டுவருகிறார்கள். அதைக் காக்கிநிறக் காகிதப் பையில் இறக்கி, கழுத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, எண் எழுதி மேசைமேல் நிறுத்துகிறார்கள். பிறகு, லேபிளைப் படித்தால் இரண்டு நொடியில் தெரிந்துவிடும் ஒரு செய்தியை மூன்று மணி நேரம் செலவழித்துத் தவறாகக் கண்டுபிடிக்கிறார்கள். இச்செயலே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

களம் மெல்பர்ன். சொந்த பாட்டிலோடு வருபவரை உள்ளே விடும் உணவகங்கள் அங்கே பல. 'பி.ஒய்.ஓ.' என்பது அவ்வழக்கத்தின் பெயர். அதற்கு உணவகம் வாங்கும் கட்டணம் கார்க்கேஜ். ஒரு பாட்டில் 750 மி.லி. பன்னிரண்டு பேருக்கு 60 மி.லி. வீதம் ஊற்றினால் 720 ஆகிறது. எஞ்சிய 30 மி.லி. எங்கே போகிறது என்பதற்கு ஆய்வு தேவையில்லை. பாட்டிலை ஒட்டிய நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று பார்த்தால் போதும்.

2. முன்னாய்வுகள்

1976 மே 24 அன்று, பாரிஸில் ஒயின் கடை நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் முன்னால் பிரான்ஸ் ஒயின்களையும் கலிபோர்னியா ஒயின்களையும் பெயர் சொல்லாமல் வைத்தார். வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனா 1973, சிவப்பில் ஸ்டேக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973 முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியாவின் பிள்ளைகள். முடிவு தெரிந்ததும் நடுவர்களுள் ஒருவரான ஒடெட் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். விடைத்தாளைத் திரும்பக் கேட்கும் மாணவரை உலகம் அறியும். திருத்திய வாத்தியாரே கேட்டது அங்கேதான்.

2001-இல் மோரோ, ப்ரோஷே, டுபூர்டியூ ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொர்தோவில் ஒயினியல் படித்த 54 பேரிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழங்கும் சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். கண் முன்மொழிந்தது, மூக்கு வழிமொழிந்தது.

2008-இல் ராபர்ட் ஹாட்ஜ்சன் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களைப் பற்றியது. வரிசையில் ஒரே பாட்டிலை, சொல்லாமல், மூன்று முறை ஊற்றினார்கள். அம்மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் தந்தவர் பத்தில் ஒருவர். மற்ற ஒன்பது பேரும் இரண்டு கோப்பைகளுக்கு இடையே கருத்து வளர்ச்சி அடைந்தவர்கள் எனக் கொள்க.

இம்மூன்று முன்னாய்வுகளுக்கும் பொதுவாக ஒரு பெருங்குறை உண்டு. பாட்டிலுக்குள் இருந்ததைப் பற்றியே அவை பேசுகின்றன. பையைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இடைவெளி ஒன்றைக் கண்டால் நிரப்பியே தீருவது ஆய்வுலக மரபு. முன்னோர் அதை ஏன் சும்மா விட்டார்கள் என்று கேட்பது மரபன்று.

3. விருந்தினர் வகைப்பாடு

3.1 சுழற்றுவோர். கோப்பையைச் சுழற்றுவர். எதிரே வெள்ளைச் சட்டை அணிந்தவர் இருப்பின் இன்னும் வேகமாகச் சுழற்றுவர்.

3.2 துப்புவோர். 1953-இல் தொடங்கிய 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' தேர்வில் பெயர் மறைத்த ஒயின்கள் மூன்று தாள்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக, மொத்தம் 36 வரும். அங்கே துப்பாதவர் தேறமாட்டார். கைக்காசு போட்டு வந்த விருந்தில் இவ்வினம் தென்பட்டதில்லை.

3.3 காரோட்டி. எல்லா விடையும் சரியாகச் சொல்வார், எவரும் கேட்பதில்லை.

3.4 மிளகர். ஷிராஸ் ஒயினில் மிளகு மணக்கிறது என்று தொடங்கி, சூப் ஆறும்வரை நிறுத்தாதவர். மணம் உண்மைதான். ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள் அதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் நிறுவினார்கள். நம் வீட்டு மிளகின் மணமும் அதுவே. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் மூக்குக்கு ரோட்டன்டோன் எட்டவே எட்டாது. ஐந்து பேர் கொண்ட மேசையில் அந்த ஒருவர் யார் என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மிளகைப் பற்றி அதிக நேரம் பேசியவரைக் குறித்துக்கொண்டால் போதும்.

3.5 கொண்டுவந்தவர். தம் பாட்டில் வரும்போது கூரையைப் பார்ப்பவர். பிறர் பாட்டில் என்று எண்ணித் தம் பாட்டிலையே இகழ்ந்தவர்களும் இவ்வகையில் அடக்கம்.

4. தோள்வியல்

இனி நம் ஆய்வின் உயிர்ப்பகுதி.

பை லேபிளை மறைக்கும், தோளை மறைக்காது. பொர்தோ பாட்டிலுக்கு நிமிர்ந்த தோள். பர்கண்டி பாட்டிலுக்குச் சரிந்த தோள். ஆல்சேஸ், ஜெர்மனி ஆகிய இடங்களின் ரீஸ்லிங் ஒயினுக்குத் தோள் என்று சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தே இறங்கி இடுப்பாகிவிடும். ஷாம்பெயின் பாட்டில் உள்ளே ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் தடித்த கண்ணாடியும் பருத்த உடலும் கொண்டது. ஆகவே முதல் சொட்டு ஊற்றப்படுவதற்கு முன்னரே, மெனு கார்டைப் படிப்பதுபோல் பாவனை செய்தபடி, மேசையில் உள்ள அத்தனை பேரும் பைகளின் தோளை அளந்து முடித்திருப்பார்கள். தோளில் கண் வைத்தவர் மீள்வது கடினம் என்பதைக் கம்பன் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்துறையின் மூல நூற்பா வருமாறு:

நிமிர்தோள் பொர்தோ; சரிதோள் பர்கண்டி;
தோளிலா நெடியது ரீஸ்லிங் என்மனார்
பையைப் படித்த பண்டிதர் தாமே.

இதன் உரை: 'பையைப் படித்த' என்றது, பருகாமையை உணர்த்தி நின்றது. 'என்மனார்' என்றமையால் இது முன்னோர் துணிபு என்பதும், தவறினால் பழி ஆசிரியருக்கு இல்லை என்பதும் பெறப்படும். 'தாமே' என்பதன் ஏகாரம் தேற்றம். பிரிநிலை என்பாரும் உளர். பை அவிழ்ந்தபின் அது வினா.

தோள்வியலார் மூன்று பள்ளியாகப் பிரிந்து கிடக்கின்றனர்.

முதலாவது காட்சிப் பள்ளி. தோளைக் கண்ணால் கண்டால் போதும் என்பது அவர்கள் கொள்கை. இதற்கு முதல் அடி ஷாட்டோ ஓ-பிரியோனிடமிருந்து விழுந்தது. பொர்தோவின் தலையாய பெயர்களுள் ஒன்றான அது, நிமிர்தோள் மரபை விட்டுத் தனக்கென்று ஒரு பாட்டில் வடிவம் வைத்திருக்கிறது. இதை விதிவிலக்கு என்று ஒரு சாராரும், இடைச்செருகல் என்று மறு சாராரும் கூறுவர். ஆஸ்திரேலிய ஷிராஸோ இரண்டு தோளிலும் வரும். அதனால் காட்சிப் பள்ளியார் ஆஸ்திரேலியாவை ஒரு நாடாகவே ஏற்பதில்லை.

இரண்டாவது தொடுபள்ளி. "நான் ஊற்றுகிறேன், நீங்கள் உட்காருங்கள்" என்று எழுந்து வருபவரைக் கண்டால் அவர் இப்பள்ளியினர் என்று அறிக. ஊற்றும் சாக்கில் கனத்தை நிறுப்பார். கட்டைவிரலை அடிக்குழிக்குள் நுழைத்து ஆழம் பார்ப்பார். பெருவிரல் முதல் கணு வரை புகுந்தால் விலையுயர்ந்தது என்பது இவர்கள் துணிபு. அவரவர் விரல் அவரவர் அளவு என்னும் எதிர்வாதத்துக்கு இப்பள்ளி இன்னும் விடை எழுதவில்லை.

மூன்றாவது செவிப்பள்ளி. 'டப்' என்றால் கார்க். 'கிறிச்' என்றால் திருகுமூடி. 2000-இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடித் திருகுமூடிக்கு மாறினார்கள். கார்க்கால் ஒயின் கெடுவது அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. நியூசிலாந்தும் பின்தொடர்ந்தது. அன்றிலிருந்து 'கிறிச்' கேட்டால் தென்கோளம் என்று செவிப்பள்ளியார் தீர்ப்பெழுதினர். பிறகு ஐரோப்பாவும் திருகத் தொடங்கிவிட்டதால் இப்பள்ளி இப்போது ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இம்மூவரையும் முறியடிக்க விருந்து நடத்துவோர் கையாளும் உத்திகளும் ஆய்வுக்குரியன. அலுமினியத் தாள் சுற்றுவோர் தோளை மறைக்கவில்லை. அதற்கு நகாசு வேலை செய்கிறார்கள். காலுறைக்குள் நுழைப்போர் மறைப்பதில் வெல்கிறார்கள். ஆயின் அதன்பின் எந்த மணம் எங்கிருந்து வந்தது என்று நிறுவ இயலாது. ஒயினை வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிவிடுவதே முற்றான தீர்வு. அப்படிச் செய்த அன்று தோளும் இல்லை, அடிக்குழியும் இல்லை, ஒலியும் இல்லை. எஞ்சியது ஒயின் மட்டுமே. மூன்று பள்ளிகளும் ஒருமித்து எதிர்த்த ஒரே நிகழ்வு அது.

5. டிஷ்யூ பேப்பர்ச் சுவடிகள்

விருந்தின் முதன்மைச் சான்றுகள் டிஷ்யூ பேப்பரில் எழுதப்பட்ட சுவைக் குறிப்புகள். இவற்றுள் எழுதியவர் பெயர் இராது. பெயர் தெரியாத சங்கப் புலவர்களுக்கு அவர்கள் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார் என்று வழங்கிய முன்னோர் நெறியை நாமும் பின்பற்றுகிறோம். அந்நெறிப்படி நமக்குக் கிடைத்த தலைசிறந்த ஆசிரியர் நனைநாயார். மூன்றாம் பைக்கு அவர் எழுதிய குறிப்பு, 'நனைந்த நாய்' என்ற இரண்டே சொல் (நனைநாயார், டிஷ்யூ ஆ, வலமடிப்பு, வெண்ணெய்க் கறைக்கு மேல்).

இதைக் கிறுக்கல் என்று ஒதுக்கலாகாது. டேவிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் தம் குழுவினருடன் 1984-இல் உருவாக்கிய ஒயின் மணச் சக்கரத்தில், ஸ்ட்ராபெரி, ரோஜா ஆகியவற்றோடு மண்ணெண்ணெய், ஈர அட்டை, நனைந்த நாய் ஆகியவையும் இடம் பெற்றிருக்கின்றன. ஒரே சொல்லால் ஒரே மணத்தைச் சுட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த நல்ல கருவி அது. நல்ல கருவி பண்டிதர் கையில் என்ன பாடுபடும் என்பதை இனிக் காண்க.

டிஷ்யூ இ-யில் இதே வரி 'நனைந்த தாய்' என்று காணப்படுகிறது. (டிஷ்யூ இ, கீழ்மூலை, குழம்பு தொட்ட பகுதி, ஒப்புநோக்குக: டிஷ்யூ உ, மறுபுறம், அங்கே ஒரு வட்டக் கறை மட்டுமே உள்ளது.) படியெடுத்தவர் நகரத்தைத் தகரமாக்கினார் என்பர் பாடவியலார். மூலமே தாய்தான், மழையில் நனைந்து வந்த அன்னையின் நினைவு மூன்றாம் கோப்பையில் பீறிட்டது என்பர் உளவியலார். நாயும் தாயும் அல்ல, 'நனைந்த' என்பதே மையம். ஈரமே இங்கே முதற்பொருள் என்பர் திணைக் கோட்பாட்டார். இம்மூவரில் ஒருவரும் டிஷ்யூ ஆ-வைக் கண்ணால் கண்டதில்லை. பாடவியலாரை உளவியலார் மேற்கோள் காட்டுகிறார்; உளவியலாரைத் திணையார் காட்டுகிறார்; திணையாரைப் பாடவியலார் தம் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் காட்டி நன்றி கூறுகிறார்.

உண்மையில் நடந்தது இவ்வளவே. டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் கார்க்கில் இருந்தால் அது ஒயினில் இறங்கி ஈர அட்டை மணத்தையும் நனைந்த நாய் மணத்தையும் தரும். மூன்றாம் பை கெட்டுப்போன பாட்டில். உணவகப் பணியாளர் ஒரு முறை முகர்ந்ததும், "சார், இது கார்க் போன பாட்டில்" என்று சொல்லிவிட்டார். ஆய்விதழ்களில் அவருக்கு வெளியீடுகள் இல்லாமையால் அவர் கூற்று கணக்கில் கொள்ளப்படவில்லை.

6. ஈரிலக்க விளையாட்டு

ஆஸ்திரேலியாவின் ஒயின் எழுத்தாளர் லென் எவான்ஸ் பெயரோடு சேர்த்து வழங்கும் 'ஆப்ஷன்ஸ்' என்ற ஆட்டம் இவ்விருந்துகளில் புகழ்பெற்றது. பிரான்ஸா, ஆஸ்திரேலியாவா? 2015-க்கு முன்னதா, பின்னதா? இப்படி ஒவ்வொரு கேள்வியிலும் தவறியவர் வெளியேற, கடைசிவரை நின்றவர் வென்றவர்.

கணக்கு எளிது. 32 பேர் ஒயினைத் தொடாமல் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து விடை சொன்னால், ஐந்து கேள்விக்குப் பின் சராசரியாக ஒருவர் எஞ்சுவார். அவர் பிற்பாடு எழுந்து நின்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பேசுவார். அந்தப் பேச்சே நம் துறையின் பாடநூல்களுள் பாதி.

7. முடிவும் பரிந்துரையும்

பை எதற்கு என்பதை இத்துறை முற்றாக மறந்துவிட்டது. பெயரையும் விலையையும் ஊரையும் அகற்றி, நாக்கையும் கோப்பையையும் தனியே விடுவதற்குத்தான் பை. பண்டிதர் அந்தத் தனிமையைத் தாங்கமாட்டார். தோள், குழி, ஒலி, கறை என்று நான்கு பக்கமும் தேடி, அகற்றிய பெயரைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டியபிறகே அவருக்கு முதல் வாய் இறங்குகிறது. நன்றாயிருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் மூன்று மணி நேரத்தில் எவரும் எழுப்பவில்லை.

இம்முறையைப் பிற துறைகளுக்கும் விரிவாக்கலாம் என்று பரிந்துரைக்கிறோம். நூல்களின் அட்டையைக் கிழித்து, ஆசிரியர் பெயர், ஊர், பதிப்பகம், அணிந்துரை எழுதியவர் யாவற்றையும் மறைத்து, காக்கிப் பையில் போட்டு எண் எழுதி மேசையில் வைத்து, விருதுக்குழுவினரை அமர்த்தலாம். அவர்கள் நூலின் தடிமனையும் கனத்தையும் தடவிப் பார்க்காமல் இருக்கப் பக்கத்தில் ஓர் உணவகப் பணியாளரை நிறுத்துவது நல்லது. இரண்டு பக்கம் புரட்டியதும் கெட்டது எது என்று அவரே சொல்லிவிடவும் கூடும்.