ஐயோ, நடிகர் பாடுகிறார்!

“உண்மையில் எனக்கு முதலில் பிடித்தது இசைதான்” என்று ஒரு ஹாலிவுட் நடிகர் பேட்டியில் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆல்பம் வரப்போகிறது என்று அர்த்தம். அட்டைப்படத்தில் கிதாரைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வாசிக்க மாட்டார்.

சொந்தமாக ஒரு பாட்டைப் போட்டுக் கெடுத்துக்கொண்டால் நமக்கென்ன, அது அவர் பாடு. இவர் கை வைப்பதோ நாம் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பாட்டில்.

இந்தக் கூட்டத்துக்குக் குலகுரு வில்லியம் ஷாட்னர், ‘ஸ்டார் டிரெக்’கின் கேப்டன் கிர்க். 1968-ல் ‘தி டிரான்ஸ்ஃபார்ம்ட் மேன்’ என்ற இசைத்தட்டில் பாப் டிலனையும் பீட்டில்ஸையும் ஷேக்ஸ்பியர் வசனத்தோடு பிசைந்து பரிமாறினார். பாடவில்லை, பேசினார். ஒரு சொல், ஒரு பெருமூச்சு, இன்னொரு சொல். வாத்தியக்காரர்கள் தாளத்தோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவர் பின்னால் நிதானமாக வருகிறார். ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ முடிவில் அந்த ஆளைக் கூப்பிட்டு அலறுகிறாரே, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் கண்டக்டரைக் கூப்பிடுகிற அலறல் அது. சக பயணி ஸ்போக், அதாவது லெனர்ட் நிமோய், சும்மா இருப்பாரா? ‘பிரவுட் மேரி’யைப் பிடித்துக்கொண்டார். 1988-ல் ரைனோ நிறுவனம் இருவரையும் இன்னும் சிலரையும் சேர்த்து ‘கோல்டன் த்ரோட்ஸ்’ என்று ஒரு தொகுப்பே போட்டது. தங்கத் தொண்டைகளாம்!

யாராவது தடுத்திருக்கக் கூடாதா என்பீர்கள். எப்படித் தடுப்பது? மொட்டைத் தலையும் லாலிபாப்புமாக ‘கோஜாக்’ தொடரில் துப்பறிந்த டெலி சவாலஸ், ‘இஃப்’ என்ற காதல் பாட்டை விசாரணைக் கைதியிடம் பேசுகிற குரலில் சொன்னார். 1975-ல் பிரிட்டனில் இரண்டு வாரம் அதுதான் முதலிடம். 1987-ல் புரூஸ் வில்லிஸ் ‘அண்டர் த போர்டுவாக்’கைப் பாடி அங்கேயே இரண்டாமிடம் பிடித்தார். இதற்குப் பிறகு எந்த நடிகரிடம் போய் “வேண்டாம் சார்” என்பது?

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2004-ல் ஷாட்னர் ‘பல்ப்’ குழுவின் ‘காமன் பீப்பிள்’ பாட்டை எடுத்தார். எரிச்சலும் ஏளனமும் நிறைந்த பாட்டு. அதற்கு அவர் பேச்சே பொருந்திவிட்டது. பாட வேண்டிய இடத்தை ஜோ ஜாக்சன் பார்த்துக்கொண்டார். கேட்டேன், பிடித்திருந்தது. அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் அதிகம்.

மனிதர் ஓய்ந்தபாடில்லை. 2020-ல் ‘தி ப்ளூஸ்’ ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 89.