தெஹிவளைப் பின்வளவுக் கோச்சி: பழசா, புதுசா? ஓர் ஆய்வு

முதலில் ஆய்வுக்களம். தெஹிவளையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக, கீழ்மாடி வீடு. பின்வளவு அரைப் பேர்ச், அதாவது 136 சதுர அடி. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, ஒரு கறிவேப்பிலை, வீட்டுக்காரரின் ஓடாத சைக்கிள் ஆகியவை போக மிஞ்சுவது ஓர் இரட்டைக் கட்டில் போடும் இடம். தோட்டத்தில் ஓடும் பொம்மைப் புகையிரதத்துக்கு அது தாராளம். 1968இல் நியூரம்பேர்க்கின் லேமன் கம்பனி எல்.ஜி.பி. என்ற பெயரில் சந்தைக்கு விட்ட 45 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் பன்னிரண்டு வளைதுண்டுகள் சேர்ந்தால் மிகச் சிறிய வட்டம் முடிந்துவிடும்.

ஆய்வுச் சிக்கலைக் கிளப்பியவர் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான். இரண்டு எஞ்சின்களின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஆளிட்டக் குடுத்துவிடலாம். பெட்டிக்குள்ள ஒண்டுதான் கொள்ளும். பழசோ, புதுசோ? கெதியாச் சொல்லு" என்றார். கெதியாகச் சொல்வது ஆய்வாளனுக்கு அழகல்ல. நான் குறிப்பேடு வாங்கினேன்.

வரைவிலக்கணம். தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஓடி, குறைத்தால் நிற்பது பழசு. வயிற்றுக்குள் ஒரு சிப்பும், அந்தச் சிப்புக்கு ஓர் இலக்கமும் இருந்து, இலக்கம் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அசைவது புதுசு. பழையதும் புதியதும் பற்றி நன்னூலில் விதி உண்டே என்பார்கள் தமிழ் படித்தவர்கள். உண்டுதான், ஆனால் அது சொற்களுக்கானது. சொற்களுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது.

இரண்டில் எது நம் நாட்டுக்கு உரியது என்று பார்க்கலாமா? அந்த வழி அடைபட்டது. இவ்வகைப் பொம்மைகள் பெரும்பாலும் 22.5க்கு ஒன்று என்ற அளவில், மீற்றர் பாதையைப் போலச் செய்யப்படுபவை. இலங்கையில் மீற்றர் பாதை இருந்ததே இல்லை. நம்முடைய அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். அதே அளவில் குறுக்கினால் 74 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். களனிவெளிப் பாதையின் இரண்டரை அடிக்கு 34. அந்தப் பாதையையும் 1990களில் அகலமாக்கிவிட்டார்கள். ஆகவே இரண்டு எஞ்சினும் பரதேசிகளே.

ஆனால் பரதேசியாக வந்து நம் ஆளாகிவிட்ட எஞ்சின் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எம்2 டீசல் எஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின. ஒன்ராறியோ மாகாணத்து லண்டனில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இந்தக் கனேடியன் எஞ்சின்கள் இழுத்தன. சஸ்கச்சுவான் எங்கே இருக்கிறது என்று அறியாமலே அதற்குக் கைகாட்டிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், பிறகு அங்கேயே போய்ப் பனி வழித்தார்கள். கனடா நமக்கு எஞ்சின் அனுப்பியது, நாம் ஆட்களை அனுப்பினோம். இப்போது ஆட்கள் எஞ்சின் அனுப்புகிறார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பொருளியலாளர் எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

அவற்றில் 591ஆம் இலக்கத்து மனிற்றோபாதான் 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் கடல் கொண்டுபோன கோச்சியை இழுத்துச் சென்றது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத வராது. அந்த எஞ்சினைத் திருத்தி மறுபடியும் ஓட்டினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி சோதனைகள். உப்புக்காற்று முதலாவது. தெஹிவளையில் வாசற்பூட்டே ஆறு மாதத்தில் துருவேறி இறுகும். பித்தளைத் தண்டவாளம் எம்மாத்திரம்? அழுக்குப் படிந்த இடத்தில் மின்சாரம் ஒரு கணம் அறும். பழசு அதற்கு ஒரு விக்கல் விக்கிவிட்டு நகரும். புதுசோ மூர்ச்சையாகி, கண்விழித்து, தன் இலக்கம் என்னவென்று யோசித்துவிட்டுத்தான் புறப்படும். மின்வெட்டு அடுத்தது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் இருட்டில் இருந்தவனுக்கு இது கற்பனைச் சோதனை அல்ல. மோட்டார் சைக்கிள் பற்றரியின் 12 வோல்ற்றுக்கே பழசு மெதுவாக நடக்கும். மச்சானின் புதுசு அதன் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாமல் எழும்பாது. தேங்காய்ச் சோதனையில் இரண்டும் தோல்வி: பக்கத்து வளவுத் தென்னையிலிருந்து விழும் கால் மீற்றர்த் தேங்காய், பொம்மை அளவில் ஐந்தரை மீற்றர்ப் பாறை.

புதுசுக்காகவும் பேச வேண்டும். அது ஊரும் அழகு பழசுக்கு வராது. ஹோர்ன் அடிக்கும், பெட்டி கோர்க்கும் சத்தம் போடும். பழசுக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் பற்சில்லின் கரகரப்பு. ஆனால் கல்கிசைப் பக்கமிருந்து உண்மையான பவர் செட் கோச்சி ஒன்று அரைமணிக்கொரு தரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் ஊரில், ஹோர்ன் சத்தத்துக்காக டொலர் கொடுப்பது கடற்கரையில் உப்பு வாங்குவது போல.

தீர்ப்புச் சொன்னவர் வெள்ளவத்தையில் ரேடியோ திருத்தும் பாஸ். பழசின் படத்தைக் காட்டினேன். "மோட்டரும் பிரஷும்தானே? கொண்டாங்கோ ஐயா, பின்னேரம் தரலாம்" என்றார். புதுசின் வயிற்றைத் திறந்த படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், போனை என்னிடம் நீட்டி, "வீட்டில அம்மா சுகமோ?" என்றார்.

அன்றிரவே எழுதினேன்: "ஆய்வு முடிந்தது. பழசையே அனுப்பவும். காரணங்கள் பதினான்கு பக்கத்தில் தனியே வரும்."

விடியப் பதில் வந்திருந்தது. "அதை மச்சாள் போன கிழமை கராஜ் சேல்ல வித்துப்போட்டா. அஞ்சு டொலர். புதுசு இருக்கு, அனுப்பட்டோ?"