கூரையில் விளக்கேற்றிய கோயில்

கேள்வி: மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் அருகே, குன்றின் உச்சியில் நிற்கும் கற்கோயில் எதற்கெல்லாம் பயன்பட்டது?

பதில்: ஒலக்கணேஸ்வரர் கோயில் எனப்படும் அது, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில் சிவனுக்காக எழுந்தது. கீழே பாறையைக் குடைந்து எடுத்த மகிஷாசுரமர்த்தினி மண்டபம். அதன் தலைக்கு மேலே, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டிய கோயில். பல்லவர் குடைந்ததையும் கட்டியதையும் ஒரே பாறையில் மேலும் கீழுமாகப் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு. புறச்சுவரில் இராவணன் கயிலையைப் பெயர்க்கிறான், தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். கடற்காற்று பட்டு உருவங்கள் மழுங்கியிருக்கின்றன.

மேல்தளங்கள் அழிந்தன, வழிபாடும் நின்றது. கருவறையில் அணைந்த விளக்கு, 19-ஆம் நூற்றாண்டில் கூரைக்கு ஏறியது. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் இல்லை. மொட்டையாகிவிட்ட கூரையோ விளக்கு வைக்கத் தோதாக இருந்தது. ஆங்கிலேயர் அதையே கலங்கரை விளக்காக்கினர். சிவன் கோயில் கப்பல்களுக்கு வழிகாட்டியது. கோயிலை இடிக்காமல் பயன்படுத்தியது நல்லகாலம்.

பக்கத்திலேயே கல்லால் கட்டிய வட்டக் கோபுரம் 1904 முதல் அந்த வேலையை ஏற்றது. மாமல்லபுரத்து நினைவுச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கோயில் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறுகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாமல், சுவரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.