ஒட்டாத தரை

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளுக்குள் வினைல் விரிப்பு சுருள் சுருளாக நுழைகிறது. பின்தாளை உரித்துத் தரையில் அழுத்தினால் ஒரே மத்தியானத்தில் பளிங்கு மாளிகை என்பது கடைக்காரர் வாக்கு. ஆள் கூலியும் மிச்சம்.

அடியில் கிடப்பதோ சிமென்ட்டில் இரும்பு ஆக்சைடு கலந்து, கொத்தனார் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சிவப்புத் தரை. பாட்டி காலத்திலிருந்து தேங்காயெண்ணெய்த் துணி பட்டுப் பளபளத்தது. எண்ணெய் குடித்த தரையில் பசை எப்படி ஒட்டும்? போதாக்குறைக்கு ஐப்பசி மழை. ஈரத்தடுப்பு இல்லாத பழைய அஸ்திவாரம் வழியே ஈரம் மேலேறும். வினைல் அதை வெளியே விடாது. மூலைகள் அப்பளமாக எழும்பும்.

விரிப்பில் அச்சடித்திருப்பது ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ என்றால் இன்னும் விசேஷம். அசல் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் கையால் வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். பதித்தபின் உமி போட்டுத் தேய்த்தால் மெருகு வரும். சுற்றிலும் நெல் விளைகிற ஊரில் உமியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்குக் காசு கொடுக்கிறோம்!

பழைய சிவப்புத் தரையின் விரிசலைச் சிவப்புத்தூள் கலந்த சிமென்ட்டால் அடைத்து, காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும். என்ன, வாட்ஸ்அப்பில் போட ‘முன்பு, பின்பு’ படம் கிடைக்காது.