புது லைன் எப்போ போடுறாங்க?

படப்பையில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் எந்த கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று பார்த்தால் போதும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் கார் செய்பவர், லாரி செய்பவர், புல்லட் செய்பவர், டயர் செய்பவர் என அவரவர் யூனிஃபார்மில் ஒரகடம் பக்கம் ஏறிப் போய்விடுவார்கள். டீயை மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். பி.எச்டி. முடித்தவன். இப்போது போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிறகான தற்காலிக ஆராய்ச்சி வேலை, தேடுகிறேன்.

போஸ்ட்டாக் என்றால் என்னவென்று அம்மாவுக்கே என்னால் புரியவைக்க முடியவில்லை. "முடிச்சுட்டேன்னு ஸ்வீட் குடுத்தோமேடா, மறுபடியும் என்ன படிப்பு?" என்பார். கம்பெனி பஸ் ஏறுகிற எதிர்வீட்டு அண்ணனுக்குத்தான் டீ ஆறுவதற்குள் புரிந்தது.

"எத்தினி வருஷம் தம்பி?"

"ரெண்டு."

"அப்பறம் பெர்மனென்ட் பண்ணிருவாங்களா?"

"இல்லண்ணே, வேற எடத்துல அப்ளை பண்ணணும்."

"சம்பளம்?"

"ரிசர்ச் அசோசியேட்னா 58,000லேருந்து ஆரம்பம். 2023 ஜனவரில ஏத்துனது."

"ஓ.டி.?"

"ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் லேப்லதான் இருப்போம். ஓ.டி. கெடையாது."

"காண்ட்ராக்ட்டுனு சொல்லிட்டுப் போவியா!"

ஆனால் காண்ட்ராக்ட்டுக்கு ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் போதும். எங்களுக்கு நிபந்தனைகள் நிறைய. மத்திய அரசின் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பான என்.பி.டி.எஃப். என்றால் பி.எச்டி. வாங்கிய இடத்திலேயே சேரக் கூடாது. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் என்றால், போகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அந்த ஒரு தகுதி மட்டும் என்னிடம் அமோகமாக இருந்தது. ஜெர்மனியை விடுங்கள், அந்த 36 மாதத்தில் நான் மறைமலைநகர் தாண்டியதே அபூர்வம்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். பெரும்பாலும் மூன்று பேரிடம் வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு நேரம் ஏது? "நீங்களே ஒண்ணு எழுதி அனுப்புங்க, பாத்துக் கையெழுத்துப் போடுறேன்" என்பது இந்த நாட்டு வழக்கம். என்னைப் பற்றி நானே மூன்று குரலில் எழுத வேண்டும். முதல் கடிதத்தில் என்னை வானளாவப் புகழ்ந்தேன். இரண்டாவதில், சந்தேகம் வராமல் இருக்க, 'சற்றுக் கூச்ச சுபாவம் உள்ளவர்' என்று ஒரு குறை வைத்தேன். மூன்றாமவர் கண்டிப்பானவர். அவர் குரலில் எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் லேசான அதிருப்தி வந்துவிட்டது.

பிறகு பேராசிரியர்களுக்கு மெயில். 'தங்கள் ஆராய்ச்சியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவன்' என்று பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினேன். பதிலே இல்லை.

"எல்லா கேட்லயும் போய் பயோடேட்டா குடுத்தா செக்யூரிட்டிதான் வாங்கி வச்சுப்பான்" என்றார் அண்ணன். "எந்தக் கம்பெனில புது லைன் போடுறாங்கன்னு பாரு. அந்த நேரத்துலதான் ஆள் எடுப்பான். அங்க போய் நில்லு."

ஆராய்ச்சி உலகின் ரகசியமே இதுதான். பேராசிரியருக்குப் புது புராஜெக்ட் சாங்ஷன் ஆனால்தான் ஆளுக்குச் சம்பளம் வரும். என்னுடைய பதினைந்து ஆண்டு உயர்கல்வியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்கு நிதி வந்திருக்கிறது என்று தேடி, அவர்களின் கட்டுரையை உண்மையிலேயே படித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். ஒருவர் வியாழக்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்.

அண்ணனிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே ஒரு கவலையும் பட்டார்.

"வயசு எதுனா பாப்பாங்களா?"

"அந்த என்.பி.டி.எஃப்.ல 35 வரைக்கும் எடுப்பாங்கண்ணே."

"முப்பத்தஞ்சா? நீ பொறுமையாவே போ தம்பி. எங்க லைன்ல இருவத்தஞ்சு தாண்டுனாலே தாத்தாம்பாங்க."