வாரம் ஒரு பக்கம்

எங்கள் பகுதி எம்.பி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் மின்னஞ்சலில் ஒரு பக்க அறிக்கை அனுப்புவார். மேல் பாதி கோப்பன்ஹேகன். நாடாளுமன்றம் கூடும் கிறிஸ்தியான்ஸ்போர்க் மாளிகையில் 179 பேரில் ஒருவராக இருந்து, அந்த வாரம் எதற்கு ஆம் சொன்னார், எதற்கு இல்லை சொன்னார் என்ற கணக்கு. கீழ்ப் பாதி யூட்லாந்தில் இருக்கும் எங்கள் ஊர். டென்மார்க்கில் ஒரே ஆள் நாடாளுமன்றத்திலும் இருக்கலாம், கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகரசபையிலும் இருக்கலாம். இவர் இரண்டிலும் இருக்கிறார். அதனால் நாட்டின் பாதுகாப்புச் செலவைப் பற்றிய கவலை முடிந்த அடுத்த வரியிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சைக்கிள் பாதைக்கு விளக்குப் போடும் கவலை தொடங்கிவிடும்.

இதை வாசிக்கிற ஒரே தமிழன் நான்தான் என்று மனுசி சொல்கிறாள். கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற டேனிஷ்காரர் யாராவது உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். அவ்வளவு சப்பென்று இருக்கும். செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம் நடந்தது, நல்ல கலந்துரையாடல். புதன்கிழமையும் ஒரு கூட்டம் நடந்தது, அதுவும் நல்ல கலந்துரையாடல். யாரையும் ஏசமாட்டார். எந்தத் துரோகியையும் அடையாளம் காட்டமாட்டார். படம் போடுவார், அதிலும் மழைக்கோட்டோடு நின்று வடிகால் மூடி ஒன்றைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பார்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அங்கே எம்.பி. வருகிறார் என்றால் முதலில் ஒலிபெருக்கி வரும், பிறகு புழுதி வரும், பிறகு நாலைந்து வாகனங்கள் வரும், கடைசியில்தான் ஆள் வருவார். தமிழ்நாட்டு நண்பர்களைக் கேட்டால் வாழை மரமும் கட்அவுட்டும் தங்களுக்குக் கூடுதலாக உண்டு என்பார்கள். இங்கே ஒரு தேர்தல் காலத்துச் சனிக்கிழமை, சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒருவர் தனியாக நின்று போகிற வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னோடு வந்தவர், ஊரில் கிராமசபைத் தேர்தலுக்கெல்லாம் ஓடித் திரிந்த பெரியவர். கோப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, பொடியன் நல்ல மரியாதையாக் கதைக்கிறான். இந்தக் கடையிலயோ வேலை?" என்று கேட்டார்.

"அண்ணை, அவர்தான் எங்கட எம்.பி."

பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்ப கூட வந்த ஆக்கள் எங்க?"

"ஆக்கள் ஒருத்தரும் இல்லை. சைக்கிள்ல தனிய வந்தவர்."

"பாவம். கட்சியில மதிப்பில்லைப் போல."

சுவரொட்டி விஷயத்தில் பெரியவருக்கு இன்னும் பெரிய ஏமாற்றம். தேர்தலுக்கு முந்திய நாலாவது சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பிறகுதான் விளக்குக் கம்பத்தில் முகத்தைத் தொங்கவிடலாம் என்பது இங்கே சட்டம். 11:50 மணிக்கு எல்லாக் கட்சிக்காரரும் ஏணியும் கையுமாகக் கம்பத்தடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் ஏறமாட்டார்கள். மற்றவன் ஏறிவிடுவானோ என்ற பயமும் முகத்தில் தெரியாது. வாக்களிப்பு முடிந்து எட்டு நாளுக்குள் அத்தனையையும் கழற்றிவிட வேண்டும். ஊரில் என்றால் தோற்றுப்போனவர் அடுத்த தேர்தல் வரைக்கும் மதிலில் இருந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

அறிக்கையின் கீழ்ப் பாதியில் அடிக்கடி வருவது குப்பை. டென்மார்க்கில் வீட்டுக் குப்பையைப் 10 வகையாகப் பிரிக்க வேண்டும்: சாப்பாட்டுக் கழிவு, காகிதம், அட்டை, உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக், பால் பெட்டி, துணி, ஆபத்தான கழிவு, இதில் எதிலும் சேராதது. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் தேங்காய்ச் சிரட்டையைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. சாப்பாடு என்றால் கடித்துப் பார்க்கட்டும். சாப்பாடு இல்லையென்றால் அது எதிலிருந்து வந்தது? எம்.பி.க்கே எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் மூன்று பந்தியில் பதில் வந்தது. மிக முக்கியமான கேள்வி என்றும், இதுவரை யாரும் எழுப்பவில்லை என்றும், கொம்யூனின் தொழில்நுட்ப, சுற்றாடல் குழுவுக்கு அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தக் குழு எங்கள் வீட்டுச் சிரட்டையைச் சுற்றி உட்கார்ந்து நல்ல கலந்துரையாடல் நடத்துவதை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மேல் பாதியில் எப்போதாவது உயிருள்ள செய்தி வந்துவிடும். மாடு ஏப்பம் விடுவதற்கு 2030 முதல் வரி என்று நாடாளுமன்றம் முடிவெடுத்த செய்தி அப்படி வந்தது. வரி மாட்டுக்காரனுக்கு, ஏப்பம் விடுகிற மாட்டுக்கு விலக்கு. 1624-இல் தொடங்கிய அரச தபால் சேவையின் வழிவந்த நிறுவனம் 2025 டிசம்பர் 30-ஆம் திகதியோடு கடிதம் கொடுப்பதை நிறுத்தியபோது, 401 வருடத்துக்கு இரண்டு வரி ஒதுக்கினார். ஆனால் பெரிய பிரார்த்தனை நாளை ஒழித்த வாரம் மட்டும் அறிக்கை ஒன்றரைப் பக்கம் போய்விட்டது.

1686-இல் சட்டமான விடுமுறை அது. ஈஸ்டருக்குப் பிறகு வரும் நாலாவது வெள்ளிக்கிழமை. அன்று பேக்கரி பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைத்த ஏலக்காய் மணக்கும் பன்னை, வியாழன் இரவே பொறுக்க முடியாமல் சுட்டுச் சாப்பிட்டுவிடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ராணுவச் செலவுக்குக் காசு வேண்டும், ஆகவே எல்லாரும் அந்த ஒரு நாளும் வேலை செய்யுங்கள் என்றது அப்போதைய பிரதமர் மெத்தே ஃபிரெடரிக்சனின் அரசாங்கம். பல்லாயிரம் பேர் கிறிஸ்தியான்ஸ்போர்க் வாசலில் கூடிக் கத்தினார்கள். 2023 பெப்ரவரி 28-ஆம் திகதி 95-க்கு 68 என்ற கணக்கில் விடுமுறை போனது. பிரார்த்தனையைப் பற்றி எங்கள் பெரியவருக்குக் கவலை இல்லை. "பிராண்டேயில அபிராமி அம்மன் இருக்கிறா, ஹேர்னிங்கில சித்தி விநாயகர் இருக்கிறார். ஆனா லீவு எடுக்கிறதெண்டால் வேற கிழமை கிடைக்கேல்லையோ? வெள்ளிக்கிழமையிலயோ கை வைக்கிறது?" பன் மட்டும் தப்பிவிட்டது. இப்போதும் வியாழன் இரவு எல்லாரும் அதைச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளி காலை வேலைக்குப் போகிறார்கள்.

சப்பென்று இல்லாத எம்.பி.யும் இந்த நாட்டில் ஒருவர் இருந்திருக்கிறார். யாக்கோப் ஹௌகோர், நகைச்சுவை நடிகர். வேலைக் கள்ளர்களுக்காக ஒரு சங்கம் என்று சொல்லிக்கொண்டு ஓர்ஹூஸ் நகரில் பல தேர்தல்களில் பகிடிக்கு நின்றவர். சைக்கிள்காரருக்கு எந்தத் திசையில் போனாலும் முதுகுப் பக்கம்தான் காற்று, நல்ல வெயில், பெரிய கிறிஸ்மஸ் பரிசு, ராணுவத்தினரின் சாப்பாட்டுப் பொதியில் நுட்டெல்லா. இவைதான் வாக்குறுதிகள். 1994 தேர்தலில் 23,253 பேர் வாக்களித்து அவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். நாட்டிலேயே அதிகம் திடுக்கிட்டவர் அவர்தான். அரசு கொடுத்த தேர்தல் மானியத்தில் வாக்காளருக்கு பியரும் சொசேஜும் வாங்கிக் கொடுத்தார். நாலு வருடம் ஒழுங்காக வாக்கெடுப்புகளுக்குப் போய்வந்துவிட்டு, 1998-இல் போதும் என்று விலகிவிட்டார். காற்று இன்றைக்கும் எதிரேதான் அடிக்கிறது. ஆனால் நுட்டெல்லா வந்தது! யாழ்ப்பாணத்தில் எத்தனையோ விஞ்ஞாபனங்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னதில் ஒன்றாவது போத்தலில் அடைத்துக் கைக்கு வந்ததில்லை.

இருந்தும் எனக்கு வடிகால் மூடி எம்.பி.யே போதும். காரணம், எங்கள் ஆட்களுடைய ஒரு பழைய கதை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களுக்கு மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளும் உரிமை டேனிஷ் சட்டத்திலேயே இருந்தது. 1987-இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களை ஆறப்போடச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, நாடாளுமன்றத்துக்குச் சொல்லவுமில்லை. கோப்புகள் அடுக்கின் அடிக்குப் போயின. ஹேர்னிங்கிலும் ஹோல்ஸ்டெப்ரோவிலும் இருந்தவர்கள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கிளம்பியபோது, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்று பிரதமர் போல் ஸ்லூட்டர் 1989 ஏப்ரலில் சபையில் சொன்னார். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க ஒரு நீதிபதியை வைத்தார்கள். 1993 ஜனவரியில் அவருடைய அறிக்கை வெளிவந்தது. 14-ஆம் திகதி பிரதமர் பதவி விலகினார். நின்-ஹான்சனுக்கு 1995-இல், அமைச்சர்களை விசாரிக்கும் ராஜ்ய நீதிமன்றம் நாலு மாத ஒத்திவைத்த சிறைத் தண்டனை கொடுத்தது. தமிழ் வழக்கு என்றுதான் டேனிஷ் சரித்திரத்தில் அதற்குப் பெயர். நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்குக்கூட இல்லாத எங்கள் ஆட்களின் கோப்புகள், கேட்பாரின்றிக் கிடந்தபடியே ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி கட்டி வாகனம் விட்டும் இது நடந்ததில்லை.

அந்த நாளில் யாராவது ஒரு எம்.பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து, இந்த வாரம் தமிழரின் விண்ணப்பங்கள் நகரவில்லை, ஏன் என்று அமைச்சரைக் கேட்டேன், நல்ல கலந்துரையாடல் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதையும் யாராவது ஒருவர் வாசித்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அதைத்தான் மனுசியிடமும் சொல்கிறேன்: வாரம் ஒரு பக்கம் வாசிக்கப் பஞ்சிப்பட்டால், கடைசியில் அந்த நீதிபதியின் அறிக்கை மாதிரித்தான் வாசிக்க வேண்டிவரும். அது ஏறக்குறைய 6,000 பக்கம்.