வாங்கு மருமகனே, வாங்கு!

கிரவல் சைக்கிள் வாங்கப் போகிறாயாமே, மருமகனே? நல்ல காரியம். எங்கள் ஊர்க் கிரவல் வீதிக்குத் தார் போடச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனு எழுதியே எங்கள் காலம் முடிந்தது. இப்போது கொழும்பில் உத்தியோகம் பார்க்கிற நீங்கள், போட்ட தாரை விட்டுவிட்டுக் கிரவலைத் தேடி ஓடுவதற்கு லட்சக்கணக்கில் காசு கட்டுகிறீர்கள். உலகம் முன்னேறிவிட்டது. புத்தளத்துப் பக்கத்து உடப்புக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிற நான்தான் பின்தங்கிவிட்டேன்.

நீ போனில் காட்டிய பட்டியலைப் பார்த்தேன். கார்பன் பிரேம், கார்பன் சில்லு, பேட்டரியில் மாறும் கியர், மிதிக்கிற பலத்தை அளந்து சொல்லும் மீட்டர். ஒரு குறையும் இல்லை. விலையை உன் பெண்சாதிக்குச் சொல்லிவிட்டாயா என்பது மட்டும் பட்டியலில் காணவில்லை.

என்னைப் பட்டிக்காட்டான் என்று தள்ளிவிடாதே. கெரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு முந்தல், மதுரங்குளி என்று மிதித்துத் திரிந்தவன் நான். மீன் தண்ணீர் ஒழுகுகிற பெட்டிக்குக் கீழே ஒரு சைக்கிள் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தச் சாதிச் சைக்கிளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் கான்சாஸ். அங்கே எம்போரியா என்ற ஊரில் 2006இல் 200 மைல் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு அன்பவுண்ட் கிரவல் என்று பெயர். அந்தப் பக்கத்து வீதியில் கிடப்பது டயரைக் கீறிவிடும் தீக்கல். 2022இல் இத்தாலியில் கிரவலுக்கென்றே முதல் உலக சாம்பியன் போட்டியும் நடத்திவிட்டார்கள். அந்த வீரர்களுக்கு வேண்டியதெல்லாம் உன் பட்டியலில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போய், கணவாய்ப் பிரட்டலோடு ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு வேண்டியதுதான் அதில் இல்லை.

முதலில் எடையைப் பார்ப்போம். கார்பன் என்றால் ஒன்றரைக் கிலோ குறையும் என்கிறாய். பேஷ். அந்த ஒன்றரைக் கிலோவின் அருமை மலை ஏறும்போதுதான் தெரியும். நீ நுவரெலியாவில் குடியிருந்தால் நானே காசு தருவதாகச் சொல்லியிருப்பேன். புத்தளத்தில் மலைக்கு எங்கே போவாய்? குதிரைமலை என்று ஒன்று இருக்கிறது; பெயரில்தான் மலை, அது கடலோரத்து மேடு. அதுவும் வில்பத்துக் காட்டுக்குள். அதிகாரிமார் விட்டாலும் யானை விடாது.

எங்கள் மலை காற்றுத்தான், மருமகனே. வைகாசியில் எழும்புகிற சோளகம் புரட்டாசி வரைக்கும் இறங்காது. சும்மாவா மாம்புரிக் கரையில் காற்றாலை நட்டார்கள்? சும்மாவா வெள்ளைக்காரர் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கற்பிட்டிக் கடலில் சறுக்குகிறார்கள்? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாய் என்று வை. எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உன் நெஞ்சில் மோதுவது 45. தடை ஐந்து மடங்கு. அந்த நேரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்ததால் வரும் லாபத்தைவிட, படபடவென்று அடிக்கிற சட்டைக்குப் பொத்தான் பூட்டினால் வரும் லாபம் கூட. பொத்தான் என்ன விலை என்று மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

உண்மையைச் சொன்னால், இந்தச் சைக்கிளில் எனக்குப் பிடித்தது அந்த வளைந்த ஹான்டில்தான். கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் சோளகம் முதுகுக்கு மேலாலே போய்விடும். ஆனால் குனிய முடிய வேண்டுமே! கொழும்புச் சாப்பாடு உனக்கு முன்னால் போய் நிற்கிறது. ஆகவே கடையில் ஏறி உட்கார்ந்து, குனிந்து, மிதித்துப் பார். தன்னிடம் உள்ள அளவைத் தள்ளிவிடப் பார்க்கிற கடைக்காரன், "சீட்டை உயர்த்தினால் சரியாகிவிடும்" என்பான். சீட் உயரும், பிரேம் நீளாது.

வள்ளம் வாங்குகிறவன் அதன் உடலைத் தட்டிப் பார்த்துத்தான் காசை எண்ணுவான். எஞ்சினைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நீயும் கழற்ற முடியாததைப் பார்த்துக் காசு கொடு. கழற்றக்கூடியது தேயட்டும், தேய்ந்தபின் நல்லதாகப் போடு.

கழற்ற முடியாததில் அடுத்தது, டயருக்கு விட்டிருக்கிற இடம். எங்கள் மணலில் 35 மில்லிமீட்டர் டயர் புதைந்து நிற்கும். நீ இறங்கித் தள்ளுவாய். பிள்ளைகள் பின்னால் வந்து சிரிப்பார்கள். 50 மில்லிமீட்டர் டயர் நுழைகிற பிரேமாக எடு. முதல் அப்கிரேட் காசில்லாதது: காற்றை இறக்கு. கடைப் பையன் பாசத்தில் டயர் விறைக்கும் வரை அடித்து விடுவான். 45 மில்லிமீட்டர் டயருக்கு 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, உன் கனத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறை. இரண்டாவது அப்கிரேட் நல்ல டயர் சோடி. இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

நெருஞ்சி முள்ளுக்கு உன் சைக்கிளின் விலை தெரியாது. டியூப் இல்லாமல், டயருக்குள் ரப்பர்ப் பால் ஊற்றி ஓட்டுகிறார்களே, அதில் உங்கள் ஆட்கள் எங்களை வென்றுவிட்டார்கள். சின்ன முள் குத்தினால் குத்தியது தெரியாமலே அடைபட்டுவிடும். களுத்துறையில் பால் வெட்டுகிற நாட்டுக்கு அது போத்தலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அது வேறு கதை. எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்று. பையில் ஒரு டியூபும் வைத்துக்கொள். டயரோ டியூபோ வாங்கும்போது கவனம்: சந்திக் கடையில் தொங்குகிற 28 அங்குல டயர் நம் நாட்டு லுமாலா சைக்கிள் சாதிக்கு உரியது, அதன் ரிம் 635 மில்லிமீட்டர். உன்னுடையது 622. பொருந்தாது. 29 அங்குல மவுன்டன் சைக்கிளின் ரிம்மும் 622தான்; அதன் டியூபைக் கேள்.

உன் பட்டியலைப் பார்த்து மயங்காத ஒரே ஆள் உப்பு. பாலாவி உப்பளத்தைத் தாண்டினால் அதை மறந்துவிடலாம் என்று எண்ணாதே. கற்பிட்டி வரைக்கும் காற்றிலேயே கூட வரும். சில்லுக் கம்பி துருப்பிடிக்காத எஃகா, நிப்பிள் பித்தளையா என்று கேள். அலுமினிய நிப்பிள் சில கிராம் குறைவு; எஃகுக் கம்பியோடும் உப்போடும் சேர்ந்து அரித்து, ஒருநாள் சாவி போட்டுத் திருகும்போது கையோடு வந்துவிடும். வயரெல்லாம் ஹான்டில் கழுத்துக்குள் ஒளிந்து ஓடுகிற சைக்கிள் படம் பிடிக்க அழகு. கழுத்து பேரிங் துருப்பிடித்த அன்று, அதை எடுக்க வயரையும் கழற்ற வேண்டும். பெடல் அச்சு பேரிங்கும் மரை போட்டுத் திருகுவதாக இருக்கட்டும். அடித்து இறுக்குவது வேண்டாம். ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடு. அதற்கு அலுப்புப்படுகிறவன் லட்ச ரூபாய்ச் சாமான் பூட்டியும் பலனில்லை.

கியருக்கு வருவோம். பின்னால் 12 தட்டு வேண்டுமாம். எதற்கு? சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை நீ ஏறப்போகிற பெரிய ஏற்றம் பாலத்து ஏற்றம். ஷிமானோ 2019இல் கிரவலுக்கென்று ஜிஆர்எக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் 10 தட்டு வகையே உனக்குத் தாராளம். பிறகு வந்த கியூஸ் வரிசை கனம் கூட, ஆனால் நீண்ட நாள் உழைக்க என்றே செய்தது. "இப்போது 9 வாங்கிப் பிறகு 12 ஆக்குவேன்" என்ற கணக்கு மட்டும் போடாதே. தட்டை மாற்றினால் செயின், பின் டிரெய்லியர், கை லீவர் எல்லாம் சேர்ந்து மாறும். சில வேளை ஹப்பும் மாறும். அந்த மொத்தக் காசுக்கு, அவை பூட்டியே வருகிற அடுத்த படிச் சைக்கிளை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

நீ நேரத்துக்கு மாற்ற வேண்டியது செயின். லுமாலா செயினோ, பேட்டரிச் சைக்கிள் செயினோ, ஊசிக்கு ஊசி அரை அங்குலம்தான். மகளின் அடிமட்டத்தை வைத்துப் பார்: 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் புதிது போடு. பிந்தினால் அது பல்லைத் தின்னத் தொடங்கும், பல்லுக்குத்தான் விலை.

ஹைட்ரோலிக் பிரேக், மலை இறக்கத்தில் உயிர் காக்கும். இங்கே உன்னை நிறுத்துவது கற்பிட்டி வீதியில் படுத்திருக்கிற கழுதை. அது மணிக்கும் எழும்பாது, ஷிமானோவுக்கும் எழும்பாது. வயர் இழுக்கிற டிஸ்க் போதும். வயர் அறுந்தால் பக்கத்துச் சந்தி. எண்ணெய் ஒழுகினால் கொழும்பு. பிரேக் பட்டை உலோகம் கலந்ததாக இருந்தால் மணலுக்குத் தாக்குப்பிடிக்கும். டிஸ்க் தட்டில் "ரெசின் மட்டும்" என்று பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

பெடலில் பூட்டிக்கொள்கிற சப்பாத்துமா கேட்டாய்? எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் நெருப்பையே வெறுங்காலால் மிதிக்கிறோம். பெடல் மிதிக்கத் தனிச் சப்பாத்து! மணலில் ஒரு தரம் கால் வைத்தால் அந்தப் பூட்டு அடைத்துவிடும்; பிறகு பூட்டவும் மாட்டாது, திறக்கவும் மாட்டாது. பலம் அளக்கிற மீட்டரும் வேண்டாம். புறப்படுமுன் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைக்குழாயை நிமிர்ந்து பார். 900 மெகாவாட் நிலையம், காற்று எந்தப் பக்கம் என்று உனக்கு இலவசமாகச் சொல்லும்.

2022 ஆடியில் பெற்றோல் வரிசையில் கிடந்ததை மறந்துவிட்டாயா? போனில் கியூஆர் காட்டினால்தான் எண்ணெய். அப்போது கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த சைக்கிளுக்கெல்லாம் மாப்பிள்ளை மரியாதை வந்தது. டொலருக்கு மறுபடியும் தட்டுப்பாடு வந்தால் இறக்குமதிச் சாமான் எப்போது வரும் என்று கடைக்காரனுக்கும் தெரியாது. ஆகவே எதை வாங்கினாலும், உடைந்தால் சிலாபத்திலாவது கிடைக்குமா என்று கேட்டு வாங்கு. காசைப் பத்தாகப் பிரி. எட்டை அலுமினியச் சைக்கிளுக்குக் கொடு. ஒன்றை டயர், பம்ப், டியூப், ஒட்டுச் சாமானுக்குக் கொடு. கடைசிப் பங்கை ஒரு வருஷம் தொடாதே. எதை மாற்றுவது என்று உப்பே உனக்குக் காட்டும்.

இன்னொன்று. புதியது வந்த சந்தோஷத்தில், உன் வீட்டு முற்றத்தில் நிற்கிற கறுப்பு லுமாலாவைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே. பாணந்துறையில் செய்தது, எந்தச் சந்தியிலும் சாமான் கிடைக்கும், கெரியரும் கெட்டி. லொறி ஏதாவது வந்தால் ஏற்றி உடப்புக்கு அனுப்பிவிடு. பம்பையும் சேர்த்து அனுப்பு. இவ்வளவு புத்தியும் சும்மா சொன்னேன் என்றா நினைத்தாய்?